இருபத்தொரு செல்லாத ஓட்டுகள்

அந்த முறை எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. நான்கு பேர் நின்றாலும் போட்டி இருவருக்குள்தான். ஒருவர், ஊருக்குள் லாரித் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தவரின் மனைவி. மற்றவர் என் வீட்டுக்கு எதிரே, வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் ஒன்றில் குடியிருந்தார். அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் இருக்கிறதா என்று பார்க்கும் முப்பது பெண்களுக்கு மேலாள்.

அவர் நின்றதற்கு ஒரே காரணம் குழாய். ஆற்றுத் தண்ணீர்க் குழாய் பிள்ளையார் கோயில் முக்கு வரை வந்து நின்றுவிட்டது. அதற்கு அப்பால் இருந்த லைன் வீடுகளுக்கு போர்வெல் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. வீடு வீடாகப் போனபோது அவர் வேறெதுவும் பேசவில்லை. "கோயில் முக்குலிருந்து முன்னூறு அடி. அவ்வளவுதானுங்க நான் கேக்கறது" என்பார். பாதிப் பேர் அவரோடு வேலை செய்தவர்கள். தெற்கேயிருந்து பிழைக்க வந்து, இங்கேயே வாக்காளர் பட்டியலில் பேர் சேர்த்தவர்கள்.

நான் ஒரு நாளிதழில் பல வருடம் செய்தி எழுதிவிட்டு வேலையை விட்டிருந்த நேரம். மனு எழுதத் தெரிந்தவன் என்பதால் என்னைத் தன் ஏஜென்டாகப் போட்டுக்கொண்டார்.

ஒன்றியத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எண்ணிக்கை நடந்தது. வகுப்பறையின் குறுக்கே கம்பிவலை. அதற்கு அந்தப் பக்கம் அலுவலர்கள், இந்தப் பக்கம் நாங்கள். கிராமத்துத் தேர்தல் என்பதால் காகிதச் சீட்டுதான். மதியம் மூன்று மணிக்கு எண்ணி முடித்தார்கள். ஆறு ஓட்டில் எங்களவர் பின்னால். செல்லாதவை என்று இருபத்தொரு சீட்டுகளைத் தனியே வைத்திருந்தார்கள். காரணம், இரண்டு சின்னத்தில் முத்திரை. ஒவ்வொன்றாக விரித்து வலைக்கு நேரே காட்டினார் அலுவலர். முதல் பெயரிலும் ஒரு முத்திரை, கடைசிப் பெயரிலும் ஒரு முத்திரை. முதல் பெயர் லாரிக்காரர் மனைவி. கடைசிப் பெயர் எங்களவர்.

எனக்கு அப்போதே தலைப்பு ஓடிவிட்டது: வாக்கு எண்ணிக்கையில் குளறுபடி. பழைய நண்பர்கள் இருவருக்கு அங்கிருந்தே போன் போடலாம் என்று வெளியே வந்தேன். எங்களவர் பின்னாலேயே வந்தார்.

"யாருக்குங்ணா போனு?"

சொன்னேன்.

"குளறுபடின்னு போடறதுக்கு முன்னால எங்க குளறுபடின்னு பாத்தர்லாமுங்ணா. எங்க கம்பெனில ஒரு பீஸை ரிஜெக்ட்னு சொன்னா எதுக்குன்னு ஸ்டிக்கர் ஒட்டோணும். ஒட்டாம சத்தம் மட்டும் போட்டா, டெய்லர் என்னைத் திருப்பிக் கேப்பான்."

போனைச் சட்டைப் பையில் போட்டேன். முடிவை அறிவிக்கும் முன் மறு எண்ணிக்கை கேட்டு இரண்டு வரி எழுதிக் கொடுத்தோம். அலுவலர் அதை இரண்டு முறை படித்தார். மாவட்டத்தில் கேட்டுத்தான் சொல்ல முடியும், நாளை மறுநாள் காலை வாருங்கள் என்றார். சீட்டுகளை உறையிலிட்டு எங்கள் முன்னால் அரக்கு வைத்தார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது கோயில் முக்கில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "செக்கிங் அக்காவையே ரிஜெக்ட் பண்ணிட்டாங்கடோய்!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாத்தான் சொல்றாங்க" என்று நடந்தார்.

வீட்டு வாசலில் ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். கணவரின் தம்பி கொதித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, நாளைக்குக் காலைல மெயின் ரோட்டுல உக்காந்தர்லாம். ஒரு மணி நேரம் போதும். கலெக்டரே வந்தாகோணும்."

"வந்து என்ன பண்ணுவாரு, சீட்டு எண்ணுவாரா? ரோட்டுல நிக்கப்போறது நம்ம கம்பெனி வேன்தான் கண்ணு. அரை நாள் சம்பளம் நட்டம் நம்ம புள்ளைகளுக்குத்தான்."

"அப்ப சும்மாவே இருக்கறதா?"

"சும்மா ஆரு இருக்கச் சொன்னா? எனக்கு நாளைக்கு வேலை இருக்குது."

அந்த வேலை என்னவென்று மறுநாள்தான் தெரிந்தது. காலை பத்தரை மணி டீ நேரத்துக்கு என்னைக் கம்பெனி வாசலுக்கு வரச் சொல்லியிருந்தார். கூடவே ஒரு பெண்ணை அழைத்து வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மடிக்கும் பிரிவில் வேலை, அதே லைன் வீடுகளில் குடியிருப்பவர். அந்தப் பெண்ணின் கையில் எங்களவர் ஒரு தேர்தல் நோட்டீசைக் கொடுத்தார்.

"இதுதான் ஓட்டுச் சீட்டுன்னு வெச்சுக்க. ஆருக்குப் போட்டேன்னு சொல்லாத. நான் கேக்கவும் மாட்டேன். எப்படி மடிச்சேன்னு மட்டும் காட்டு."

"என்னக்கா வெளையாடுதிய? எல்லாரும் மடிக்க மாதிரித்தான்."

"காட்டு தாயி."

அந்தப் பெண் கண்ணிமைக்கும் நேரத்தில் மடித்து நீட்டினார். கீழ் ஓரத்தை மேல் ஓரத்தோடு சேர்த்து ஒரு மடிப்பு. பிறகு இரண்டு பக்கமும் உள்ளே. கடைசியில் கட்டைவிரலால் ஓர் அழுத்தல். அந்தக் கம்பெனியில் குழந்தைகளுக்கான பனியனை அப்படித்தான் மடிக்கிறார்கள். கழுத்து லேபிள் மேலே தெரிய வேண்டுமாம். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் மடிக்கும் கை, ஓட்டுச்சாவடி என்று பார்க்குமா? சீட்டை நெட்டுவாக்கில் முதலில் மடித்திருந்தால் ஈர மை அதே பெயருக்கு நேரேதான் ஒட்டும். கீழிருந்து மேலே மடித்ததில் கடைசிப் பெயரின் மை முதல் பெயரில் ஒட்டிவிட்டது.

"நேத்து ஆபீசரு காட்டுனப்ப நீங்க முத்திரையப் பாத்தீங்க. நான் மடிப்பப் பாத்தேன்" என்றார் எங்களவர் என்னிடம். "ஒரு கோடு குறுக்கால, ரெண்டு நெடுக்க. நம்ம மடிப்பு."

அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. "அப்போ என் ஓட்டு போச்சாக்கா?"

"போகல. ஈரம் காயாத பிரிண்டு ஒட்டிக்கும்ல, அந்த மாதிரி. எது அசல், எது ஒட்டுனதுன்னு பாத்தாத் தெரியும்."

தெரியும்தான். ஓட்டு முத்திரையில் காற்றாடி போல நான்கு கைகள், எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பியிருக்கும். ஒட்டிய முத்திரை கண்ணாடியில் பார்த்தது போல மறுபக்கம் திரும்பும், வெளுத்தும் இருக்கும். எத்தனையோ தேர்தலைப் பற்றி எழுதியிருக்கிறேன். அந்த முத்திரை ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்று மாலை ஒரு பக்கத்துக்கு மனு எழுதினேன். குற்றச்சாட்டு ஒன்றும் இல்லாமல் நான் எழுதிய முதல் மனு அதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாம் நாள் காலை மாவட்டத்தின் அனுமதி வந்திருந்தது. அலுவலர் மனுவைப் படித்துவிட்டு, தன்னிடமிருந்த கையேட்டைப் புரட்டினார். மடித்ததால் ஒட்டிய மையைக் காரணம் காட்டி ஓட்டைத் தள்ளக் கூடாது என்று அதிலேயே இருந்தது. அரக்கை உடைத்தார்கள். ஒவ்வொரு சீட்டையும் விரித்து, முத்திரையின் கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, இரு தரப்புக்கும் காட்டி அடுக்கினார். மடிக்கும் பெண்கள் எல்லோரும் எங்களவருக்கே போட்டிருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தது தப்பு. பன்னிரண்டு எங்களவருக்கு, ஐந்து லாரிக்காரர் மனைவிக்கு. மீதி நான்கில் உண்மையாகவே இரண்டு முறை குத்தியிருந்தது.

ஆறில் பின்தங்கியிருந்தவர் ஒன்றில் முந்தினார்.

வெளியே எங்கள் ஆட்கள் கத்தத் தொடங்கினார்கள். லாரிக்காரர் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி இருந்தார்.

"ஒத்த ஓட்டுங்க சார். இன்னொருக்கா பாருங்க. எல்லாத்தையும் மொதல்லருந்து எண்ணோணும்" என்றார் லாரிக்காரர்.

"ஒரு தடவைதான் பாக்கறது. ஆயிரம் தடவை பாப்பாங்களா?" என்று தம்பி பாய்ந்தான். அலுவலருக்கும் முடித்துவிட்டால் போதும் என்றிருந்தது முகத்தில் தெரிந்தது. எங்களவரைப் பார்த்து, "உங்களுக்கு ஆட்சேபணை உண்டுங்களா?" என்றார்.

இல்லை என்று சொல்லிவிடாதீர்கள் என்று நான் அவர் முழங்கையைத் தொட்டேன். எழுதத் தாளும் எடுத்துவிட்டேன். முன்னூறு அடிக் குழாய் அந்த ஒரு சீட்டில் இருந்தது.

அவர் எதிர்ப் பெஞ்சைப் பார்த்தார்.

"முந்தாநேத்து நானும் இதைத்தானுங்க சார் கேட்டேன். எண்ணுங்க."

"அண்ணி!"

"ரீசெக்குக்குப் பயந்தா அப்பறம் என்ன சரக்குடா அது?"

இரண்டே கால் மணி நேரம் ஆனது. எனக்கு உள்ளங்கை வியர்த்து, ஏஜென்ட் அட்டையில் இருந்த என் கையெழுத்து கலைந்துபோனது. அவர் வலையருகே கையைக் கட்டிக்கொண்டு, வரி வரியாகச் சீட்டுகளைப் பார்த்தபடி நின்றார். நடுவில் ஒரு முறை, எதிராளிக்கு விழுந்த சீட்டு ஒன்று தன் கட்டில் போய் உட்காருவதைக் கண்டு, "சார், அது அவங்களுது" என்றார். அலுவலர் சீட்டை எடுத்துப் பார்த்து இடம் மாற்றினார். லாரிக்காரர் திரும்பி இவரைப் பார்த்தார். அதன் பிறகு வலையை விட்டுவிட்டுப் போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கூட்டிப் பார்த்தபோது அதே ஒன்று.

சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, மேலே வட்ட முத்திரை குத்தி, அலுவலர் நீட்டினார். தம்பி அதை வாங்கிச் சட்டைப் பையில் மடித்து வைக்கப் போனான். எங்களவர் அவன் கையை விலக்கிவிட்டார். மை காயவில்லை. தாளை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தபடியே பள்ளிக்கூட வாசல் வரை நடந்து வந்தார்.