வாடையும் கூறைப்பெட்டியும்

என் கலியாணத்துக்குச் சொந்த வள்ளத்தில் போனேன் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. மன்னார் அரசாங்கக் கச்சேரியில் ஆயுள் முழுக்கக் கடிதம் எழுதியவனுக்குப் பாதி உண்மை தாராளம்.

பெண் ஓலைத்தொடுவாய், மன்னார் இருக்கும் அதே தீவிலுள்ள ஊர். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோயிலில் தாலி கட்ட வேண்டும். மறுநாள் கிறிஸ்து பிறப்புக்கு முந்திய ஆகமனகாலம் தொடங்கிவிடும். பிறகு நத்தார் கழியும்வரை எந்தப் பங்குச் சுவாமியும் கலியாணம் எழுதமாட்டார். மூன்று ஞாயிறும் கோயிலில் கலியாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. லீவுக் கடிதத்தில் துரை கையொப்பம் வைத்தாயிற்று. எல்லாம் ஒழுங்கு.

கரையால் போனால் மணலில் மூன்று மணி நேர நடை. என் வீட்டார் புதன்கிழமையே வண்டிலில் போய்விட்டார்கள். உத்தியோக மாப்பிள்ளை வண்டிலில் போய் இறங்குவதா? புதிதாக வாங்கிய பாய்வள்ளத்தில், கூறைச்சேலைப் பெட்டியோடு, வியாழக்கிழமை புறப்பட்டேன். வள்ளம் ஓட்ட முஸ்லிம் காக்கா ஒருவர் வந்தார்.

தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள கால்வாயில் தொட்டில் போல் போனோம். கால்வாய் கடலில் விழும் இடத்தில் வாடைக்காற்று எங்களை மறித்தது. காக்கா பாயை இறக்கி, வள்ளத்தைத் தீவுக்கரைக் கண்டல் மரத்தில் கட்டினார்.

"எப்ப விடும், காக்கா?"

"காத்தும் லீவு கேட்டுத்தான் நிக்கும் எண்டு நினைச்சியளோ, கிளாக்கர் ஐயா?"

வெள்ளிக்கிழமையும் விடவில்லை. காக்கா மீன் சுட்டார், தொழுதார், தூங்கினார். நான் கடிகாரம் பார்த்தேன். சனி விடிந்து ஏழரை மணியாகியும் கடல் வெள்ளையாகவே கிடந்தது.

"இண்டைக்கும் ஏலாது. நடவுங்கோ," என்றார்.

"மாப்பிள்ளை நடந்து போறதோ?"

"இஞ்சயே இருந்தால் நத்தார் மட்டும் மாப்பிள்ளையாவே இருக்கலாம். அதுவும் நல்ல உத்தியோகந்தான்."

கரையில் மேய்ந்த கழுதை ஒன்றைப் பாய்க்கயிற்றால் பிடித்து, பெட்டியை அதன் முதுகில் கட்டினார். கழுதை யாருடையது என்று நான் கேட்கவில்லை. விசாரணையின்றி நான் எடுத்த முதல் முடிவு அது.

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பூசைக்காக இரவிலிருந்து பச்சைத் தண்ணீரும் குடிக்காத சுவாமி, கோயில் வாசலில் என்னைப் பார்க்காமல் கழுதையைப் பார்த்தார். பெண்ணும் பூசையில் நன்மை அப்பம் வாங்குவதற்காகப் பட்டினி. அவசரமாகக் கூறையைக் கட்டிக்கொண்டு வந்தவள், முக்காட்டுக்குள்ளிருந்து என்னிடம் முதன்முதலாகப் பேசினாள்.

"காலில சேறு. கழுவிப்போட்டு வாங்கோ."

காக்கா தண்ணீர் ஊற்ற, கிணற்றடியில் கழுவினேன். பதினொரு மணிக்குத் தாலி கட்டினேன்.

நாலு நாளில் காற்று விழுந்தது. காக்கா வள்ளத்தைக் கொண்டுவர, இருவரும் அதில் மன்னாருக்குத் திரும்பினோம். காக்கா கண்டல் மரத்தைக் காட்டியதும் அவள் நிறுத்தச் சொன்னாள்.

"இதிலயோ ரெண்டு நாள் இருந்தனீங்கள்?"

"ஓம்."

அவள் மரத்தைப் பார்த்தாள். பிறகு, கை எட்டும் தூரத்தில் தொடங்கித் தன் ஊர்வரை நீண்டு கிடந்த மணற்கரையைப் பார்த்தாள். காக்கா அவசர அவசரமாகப் பாயைச் சரிசெய்யத் தொடங்கினார்.