சோற்றுக்கு முன்னால் வரும் தட்டு

சூசையண்ணே… நீ சொன்ன சூப்பை நான் வைத்தேன். அம்மா குடிக்கவில்லை.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் அண்ணன் சூசையைத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? நான் எழுதியதில் பாதி அவன் சொன்னதுதானே. கப்பலில் சாப்பாட்டு மேசைக்குத் தட்டு கொண்டுபோய் வைக்கிற வேலை அவனுக்கு. லீவில் வந்தால் மணவாளக்குறிச்சியில் என் சாப்பாட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவான். கடையில் மற்றவர்கள் எல்லாம் திருவிதாங்கூரா மதராஸா, நாம் எந்தப் பக்கம் சேருவது என்று தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருப்பார்கள். இவன் மட்டும் எந்த ஊர்க்காரன் எதை எப்படித் தின்கிறான் என்று பேசிக்கொண்டிருப்பான். நான் நாலாம் கிளாஸோடு நின்றவன். எனக்குத் தெரிந்த பூகோளம் இவ்வளவுதான்.

போன மாதம் லீவில் வந்தவன் காய்ச்சலில் படுத்தான். எழுந்திருக்கவில்லை. கடியப்பட்டணம் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தோம். இடையில் இந்தப் பத்தி வராததற்கு அதுதான் காரணம். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை… அவ்வளவுதான், வேறு எப்படிச் சொல்வது?

இப்போது அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

அடக்கம் முடிந்த நாளிலிருந்து அம்மா சாப்பிடவில்லை. விரதம் இல்லை. பிடிவாதமும் இல்லை. சோறு வைத்தால் பார்க்கிறாள். கையை நனைக்கிறாள். ஒரு பருக்கையை விரலால் உருட்டிக்கொண்டே இருக்கிறாள். பிறகு எழுந்துவிடுகிறாள். கஞ்சித்தண்ணீர் மட்டும்தான் உள்ளே இறங்குகிறது. வைத்தியர் வந்து நாடி பார்த்தார். என்னை வெளியே கூப்பிட்டு, இதற்கு மருந்து கிடையாது, அன்னம் இறங்க வழியைப் பார், இல்லையென்றால் அண்ணன் பக்கத்திலேயே இன்னொரு குழி வெட்ட வேண்டிவரும் என்றார். நல்ல மனிதர்தான். வாய் அப்படி.

பசி செத்துப்போன ஒருத்தியை எப்படிச் சாப்பிட வைப்பது?

மற்றவர்கள் மலைப்பார்கள். நான் மலைக்கவில்லை. நான் சாப்பாட்டுக் கடைக்காரன். அதைவிட, சூசையின் தம்பி. பசியை எழுப்புவதற்கென்றே உலகம் முழுக்க ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

வெள்ளைக்காரன் உட்கார்ந்ததும் ரொட்டி, இறைச்சி என்று பாய்வதில்லை. முதலில் சூப்பு. அதுவும் கொஞ்சம்தான், நாக்கை எழுப்பிவிட. ருஷ்யாக்காரன் உப்பு மீனும் மீன்முட்டையும் கடித்துக்கொண்டு ஒரு மடக்குச் சாராயம் போடுவானாம்… பிறகுதான் சாப்பாடு. துருக்கிக்காரனுக்குச் சின்னச் சின்னக் கிண்ணம்: சுட்ட கத்தரிக்காய், தயிர், அரைத்த கடலை. இத்தாலிக்காரனுக்கு உப்பில் ஊறிய ஒலிவக்காய். சீனாக்காரன் இறைச்சியை ஆறவைத்து மெல்லிசாக அரிந்து முதலில் நீட்டுவான். அந்தக் காலத்து ரோமாபுரியில் விருந்தே முட்டையில்தான் தொடங்குமாம்.

சூசையின் கப்பலில் பெரிய குக் ஒரு கோவாக்காரர். இதற்கெல்லாம் சரித்திரமே வைத்திருந்தார். முன்பு ஐரோப்பாவில் பெரிய விருந்து என்றால் ஏகப்பட்ட தட்டுகளை ஒரே நேரத்தில் மேசை நிறையப் பரப்பிவிடுவார்களாம். கைக்கு எட்டியதைத் தின்ன வேண்டியது. ஒன்று முடிந்து ஒன்று என்று வரிசையாகக் கொண்டுவருவது ருஷ்யாவிலிருந்து பரவிய பழக்கமாம். அப்படியானால் கை எட்டாதவன் கதி என்ன என்று சூசை கேட்டிருக்கிறான். எட்டுகிறவனோடு சிநேகமாக இருக்க வேண்டியதுதான் என்றாராம் அவர்.

முதல் தட்டுக்குப் பிரெஞ்சுக்காரன் வைத்த பெயருக்கு 'வேலைக்கு வெளியே' என்று அர்த்தமாம். அதாவது, சாப்பாட்டில் சேராத சாப்பாடு. எவ்வளவு வசதி இருந்தால் இப்படி ஒரு பெயர் தோன்றும்?

நம்மிடம் முதல் தட்டு இல்லையா? இருக்கிறது. நாஞ்சில்நாட்டுக் கல்யாணப் பந்தியில் இலை விழுந்ததும் உப்பு, இஞ்சி, வாழைக்காய் உப்பேரி எல்லாம் ஓரத்தில் வந்துவிடும். ஆனால் சோறு விழுந்து பருப்பும் நெய்யும் வரும்வரை யாராவது கை வைப்பார்களா? பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்ப்பதுதான் முதல் தட்டு.

எங்கள் கடற்கரை வீட்டில் வேறு மாதிரி. அரிசி கிடைக்காத ரேஷன் நாட்களில் அம்மா மரச்சீனிக் கிழங்கை அவித்து முதலில் வைப்பாள். பாதி வயிறு அடைந்த பிறகுதான் சோற்றுப் பானை வெளியே வரும். வெள்ளைக்காரனின் முதல் தட்டு பசியைத் திறக்க — எங்கள் முதல் தட்டு பசியை அடைக்க. இதைச் சூசை அந்தக் கோவாக்காரரிடம் வேடிக்கையாகச் சொன்னானாம். அவர் சிரிக்கவில்லையாம்.

சரி, என் வைத்தியம்.

முதலில் சூப்பு. நண்டை உடைத்துப் போட்டு, மிளகு தட்டி, வடிகட்டி வைத்தேன். வாசனை தெருவரை போனது. இறக்கியதும் முதல் அகப்பை அம்மாவுக்குத்தான். அம்மா தொடாமல் வீட்டில் யாரும் சாப்பிடக்கூடாது என்று ஒரு சட்டமும் போட்டேன். மரியாதை வேண்டாமா? நானும், சூசையின் மனைவி ரோசம்மா மைனியும் தட்டை மூடி வைத்துவிட்டு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அம்மா சூப்பைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள்.

"ஏலே தாசா, இது யாருக்கு?"

"உனக்குத்தான்."

"எனக்கா?" என்று கேட்டுவிட்டு மெல்லத் தள்ளிவைத்தாள்.

மறுநாள் துருக்கி. கத்தரிக்காயைச் சுட்டுத் தயிரில் பிசைந்தேன். தள்ளிவைத்தாள். அப்புறம் ரோமாபுரி முட்டை. அதையும் தள்ளிவைத்தாள். ஒவ்வொரு நாளும் நாங்களும் பசியோடு உட்கார்ந்திருந்து, ஆறிப்போனதைத் தின்றோம். அம்மாவின் தோள் எலும்பு சேலைக்கு மேலே துருத்திக்கொண்டு வந்தது. மைனி அடுப்படியில் மறைந்து நின்று அழுதாள். எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே.

போன வியாழக்கிழமை மத்தியானம் மிக்கேல் வந்தான். இனயத்துக்காரன். சூசையோடு அதே கப்பலில் வேலை பார்த்தவன். லீவில் ஊருக்கு வந்த பிறகுதான் சங்கதி தெரிந்திருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் கடற்கரை வழியாக நடந்தே வந்துவிட்டான். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான். அம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பிறகு மிக்கேல் முகத்தைத் துடைத்தான். துக்க வீட்டில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

"அம்மா, பசிக்குது. காலையில குடிச்ச கட்டஞ்சாயாதான்."

அன்றும் நான் சூப்பு வைத்திருந்தேன். வழக்கப்படி அம்மாவுக்கு எடுத்துவந்தேன். மிக்கேல் கையை நீட்டி நடுவழியில் வாங்கிவிட்டான்.

"இது என்ன மக்கா?"

"சூப்பு. பசியத் தொறக்க."

"எனக்க பசி தொறந்துதான் கெடக்கு. நீ சோத்த எடு." ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினான். "இதத்தான் சூசை மேசைக்குக் கொண்டுபோவான். ஒரு நாளும் குடிச்சது கெடையாது. நண்டு குளிச்ச வெள்ளம்னு சொல்லுவான்."

அம்மாவின் வாய் ஓரம் லேசாக அசைந்தது.

"சின்னதுலயே அவன் அப்பிடித்தான்" என்றாள். எழுந்தாள். அடுப்படிக்குப் போய் மைனியின் கையிலிருந்த அகப்பையை வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கு மரச்சீனியும் சாளை மீன் குழம்பும். அம்மா தன் கையால் தட்டு நிறைய வைத்தாள். மிக்கேல் கிழங்கைக் குழம்பில் முக்கி முக்கி வாய் கொள்ளாமல் தின்றான். அம்மா எதிரே உட்கார்ந்தாள். தட்டு காலியாகும் முன்னால் அடுத்த துண்டு விழுந்தது. என்னையும் மைனியையும் பார்த்து, நீங்களும் எடுத்துத் தின்னுங்கள், எதற்கு முழித்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்று அதட்டினாள். என் சட்டம் அத்தோடு போயிற்று. நாங்களும் தின்றோம்.

"புளி காணுமா, போதுமா?" என்று அம்மா மிக்கேலைக் கேட்டாள்.

"புளி காணும். உப்புதான் இத்திரி கொறவு."

மைனி தலையைக் குனிந்துகொண்டாள். குழம்பு அவள் வைத்தது. எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. துக்கத்துக்கு வந்தவன் குழம்புக்குக் குறை சொல்வானா?

"கொறவா?" என்றாள் அம்மா.

சட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். யோசித்தாள். நம்பிக்கை வராமல், ஒரு துண்டுக் கிழங்கைப் பிட்டு குழம்பில் தோய்த்து வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள்.

"கொறவெல்லாம் ஒண்ணும் இல்ல. உனக்க நாக்கு உப்புத்தண்ணியில கெடந்து ஊறிப்போச்சு."

"இல்லம்மா, மீன்ல பிடிக்கல்ல. பாருங்க."

அம்மா ஒரு சாளையை எடுத்தாள். முள்ளை நீக்கித் தின்றாள். நன்றாகத்தான் பிடித்திருக்கிறது என்றாள். மறுபடி ஒரு துண்டுக் கிழங்கு. மைனி சத்தம் போடாமல் ஒரு தட்டைக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தாள். அம்மா கவனிக்காதவள் போல அதை இழுத்துக்கொண்டாள். மிக்கேலைத் திட்டிக்கொண்டே தின்றாள். என் தட்டில் கண்ணீர் விழுந்துவிடும் போலிருந்தது. நான் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் எழுந்துபோய்விட்டேன்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. நானும் தின்றவன்தானே.

வழியனுப்பும்போது கேட்டேன்: வேண்டுமென்றேதான் சொன்னாயா? மிக்கேல் சிரித்தான். "பசிச்சவனுக்கு உப்பு தெரியுமா மக்கா?" என்று சொல்லிவிட்டு மணலில் இறங்கி நடந்தான்.

நான் எங்கே தவறினேன் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. பிறந்ததிலிருந்து முதல் அகப்பையைத் தனக்கென்று எடுக்காதவள் அம்மா. கடலுக்குப் போகிறவன் தின்ன வேண்டும், கடலிலிருந்து வந்தவன் தின்ன வேண்டும், பிள்ளைகள் தின்ன வேண்டும்… அப்புறம்தான் அவள். அவளிடம் போய் முதல் தட்டு உனக்கு என்று நீட்டினால்? போதாததற்கு, மகனையும் மருமகளையும் பட்டினியோடு எதிரே உட்கார வைத்தால்? எந்த அம்மாவுக்குத் தொண்டையில் இறங்கும்?

உலகத்தில் எத்தனையோ முதல் தட்டுகள் இருக்கட்டும். அடித்துச் சொல்கிறேன் — ஓர் அம்மாவுக்குப் பசியைத் திறக்கிற தட்டு, அடுத்தவன் தின்கிற தட்டுதான்.

இப்போது கடையில் பந்தி முடிந்ததும் சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போய்விடுகிறேன். அம்மா முன்னால் உட்கார்ந்து மூக்கு முட்டத் தின்கிறேன். நடுவில் ஒரு குறை சொல்கிறேன். ஒரு நாள் புளி அதிகம், ஒரு நாள் காரம் போதாது. அம்மா ருசி பார்க்கிறாள், என்னைத் திட்டுகிறாள், சாப்பிடுகிறாள். மைனிக்கும் சொல்லி வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே என்று.

வரும் சனிக்கிழமை சூசைக்கு முப்பதாம் நாள் பூசை. தூரத்தில் இருக்கிறவர்கள் வர முடியாது. நீங்கள் கோவிலுக்குப் போகிறவராக இருக்கலாம், பள்ளிவாசலுக்கோ அய்யா பதிக்கோ போகிறவராக இருக்கலாம். இருக்கிற இடத்திலிருந்தே என் அண்ணன் சூசைக்காக எல்லாரும் ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள்.

ஆனால், சாப்பிட்டுவிட்டு வேண்டிக்கொள்ளுங்கள் — இது அம்மாவின் உத்தரவு.