கடலூர் கழித்த கம்ப்யூட்டரும் சிதம்பரம் கிளையும்

ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைனராக இருப்பவளுக்கு ஊரில் யார் வயசுக்கு வந்தாள், யாருக்குக் கல்யாணம், யார் போய்ச் சேர்ந்தார் என்பதெல்லாம் சொந்தக்காரர்களுக்கு முன்பே தெரிந்துவிடும். எதிரே இருக்கும் கம்ப்யூட்டர் இன்றைக்கு எழுந்திருக்குமா என்பது மட்டும் தெரியாது.

எங்கள் தலைமைக் கடை கடலூரில். நான் சிதம்பரம் கிளை. கடலூரில் புதுசு வாங்கினால் அங்கே கழித்துக் கட்டிய பழசு பஸ் ஏறி எங்களிடம் வரும். என் கம்ப்யூட்டர் நின்றுகொண்டே வந்ததோ என்னவோ, வந்த நாளிலிருந்து அதற்கு அசதி தீரவில்லை. பேனர் லேட்டாகிறது என்று வாடிக்கையாளர்கள் கடலூருக்கே போன் போட ஆரம்பித்தார்கள். முதலாளி தீர்ப்பு சொல்லிவிட்டார்: பொங்கலுக்குள் புகார் நிற்காவிட்டால் சிதம்பரத்துக்கு வேறு டிசைனர். வேறு கம்ப்யூட்டர் என்று வாய் தவறிக்கூட வரவில்லை. ஆக, இந்தக் கடையை விட்டுப் போகப்போவது அதுவா நானா என்று எங்களுக்குள் போட்டி. ஆபீஸில் பழைய பெட்டியோடு குடித்தனம் நடத்தும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு என் நிலைமை புரியும்.

காற்று யாருக்கு?

சித்திரை வெயிலில் பெட்டி சூடேறித் தானாக அணைந்துவிடும். அதனால் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, கடையில் இருக்கும் ஒரே டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராக வைத்திருப்போம். நானும் பிரிண்டிங் மெஷின் பார்க்கும் செல்வம் அண்ணனும் பழைய பத்திரிகை அட்டையால் விசிறிக்கொள்வோம். மகள் மஞ்சள் நீராட்டு விழா பேனருக்காக வந்த ஒருவர், வேர்த்து வழிந்துகொண்டு, "கொஞ்சம் இந்தாண்ட திருப்புறேம்மா" என்று உரிமையோடு ஃபேனைத் திருப்பினார். அந்த நிமிடமே ஸ்கிரீன் கறுத்தது. பாதி முடிந்திருந்த அவர் மகளும் மறைந்துபோனாள்.

விஷயத்தைச் சொன்னதும் ஃபேனைப் பவ்யமாகப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "அடுத்த ஜென்மத்துல உங்க கடையில கம்ப்யூட்டரா பொறக்கணும்மா. வேலயும் கெடயாது, காத்தும் ஜாஸ்தி."

எடுப்பதற்குள்

எங்கள் தொழிலில் கல்யாண பேனர் ஒரு நாள் தள்ளலாம். கண்ணீர் அஞ்சலி பேனர் தள்ள முடியாது. எடுப்பதற்குள் தெருமுனையில் கட்டியாக வேண்டும், கட்டாவிட்டால் பிள்ளைகளுக்குத்தான் கெட்ட பெயர். குமராட்சிப் பக்கத்திலிருந்து ஒருவர் அப்பாவின் போட்டோவோடு வந்தார். மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். நான் போட்டோவை ஏற்றினேன். மணல் கடிகாரம் சுற்றியது. பெரியவரின் நெற்றி தெரிந்தது. மறுபடி சுற்றியது. மூக்கு தெரிந்தது. ஊரிலிருந்து போன் மேல் போன். அவர், "கெளம்பிட்டேன், வந்துனே இருக்கேன்" என்று என் எதிரே உட்கார்ந்தபடியே பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அன்றைக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அவமானம் ஒரு பக்கம், அந்த மனுஷன் முகம் ஒரு பக்கம். எப்படியோ பிரிண்ட் எடுத்து, ஈரம் காயாமலே சுருட்டிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "எங்க அப்பா ரெண்டு நாளு இழுத்துனு கெடந்தாரும்மா. அவரு எவ்ளோ மேலு."

மாப்பிள்ளைத் தோழர்கள்

புதிய ஃபைல் திறந்தால் பெட்டி படுத்துவிடும். ஆகவே கடைசியாகச் செய்த வேலையை மூடாமல், அதன் மேலேயே போட்டோவையும் பெயரையும் மாற்றி அடுத்த பேனரைச் செய்வது எங்கள் கிளையின் தொழில்நுட்பம். வேகமானது, சிக்கனமானது, ஆபத்தானது. ஒரு நாள் அஞ்சலி பேனர் முடிந்த கையோடு கல்யாண பேனர் வந்தது. படம் மாற்றினேன், ரோஜாப்பூ போட்டேன், மணமக்கள் பெயர் போட்டேன். அடியில் நண்பர்கள் வரிசையாகக் கூலிங் கிளாஸோடு சிரிக்கும் படங்களையும் ஒட்டினேன். அந்த வரிசைக்கு மேலே 'கண்ணீருடன்' என்று இருந்ததை மட்டும் பார்க்கவில்லை.

பேனர் மண்டப வாசல் வரை போய்த் திரும்பி வந்தது. தூக்கிக்கொண்டு வந்த நண்பரிடம் நான் மன்னிப்பு கேட்டு முடிக்கவில்லை, அவர் கையமர்த்தினார்: "நீங்க கரெக்டாதான் போட்ருக்கீங்க மேடம், பொண்ணு வீட்டுக்காரங்க பாத்துட்டாங்கன்னுதான் எடுத்தாந்தோம்."

லட்சுமி கடாட்சம்

இதற்கு மேல் தாங்காது என்று கடலூருக்கே பஸ் ஏறிப்போய் முதலாளியிடம் நேரில் கேட்டேன். குமராட்சிக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், டீ வாங்கிக் கொடுத்தார், கம்ப்யூட்டருக்கு என்று புது மவுஸ் ஒன்றும் எடுத்துக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "அது எனக்கு லட்சுமிம்மா. கடலூர்ல இருந்த வரிக்கும் ஒரு நாளு மக்கர் பண்ணதில்ல. நீ உன் கைராசியக் கொஞ்சம் பாத்துக்க."

ஆயுத பூஜை

அணைத்தால் மறுபடி எழுந்திருக்காதோ என்ற பயத்தில் அந்தப் பெட்டியை நாங்களாக அணைப்பதே இல்லை. ஆயுத பூஜைக்கு முதலாளி நேரில் வந்தார். "மிஷினுக்கும் ஒரு நாளு ரெஸ்ட் வேணும்" என்று தன் கையாலேயே அணைத்தார். சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், திறந்திருந்த வயிற்றுக்குள் பூவும் பொரியும் போட்டார். விஜயதசமி அன்று அது கண் திறக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் மனசுக்குள் தேங்காய் உடைத்தேன்.

சர்வீஸ்காரர் வந்து கவிழ்த்தார். பொரி கொட்டியது. பின்னாலேயே ஒரு பல்லி இறங்கிப் போனது. எங்கெங்கோ போன் போட்டு, யாரோ எடைக்குப் போட வைத்திருந்த இன்னொரு பெட்டியிலிருந்து எதையோ பிடுங்கி வந்து மாட்டி, மாலைக்குள் உயிர் கொடுத்துவிட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "ஸ்பேர் கேட்டு போன் போட்டா, எந்த ஊர்லேந்து பேசறீங்கன்னு கேக்கல மேடம், எந்த வருஷத்துலேந்து பேசறீங்கன்னு கேக்கறான்."

புதுசு வந்தது

மார்கழியில் முதலாளியே போன் செய்தார். "புது சிஸ்டம் வாங்கிட்டேம்மா. பெரிய ஸ்கிரீன். சிதம்பரத்துக்குன்னே வாங்குனது. இனிமே லேட்டுன்ற பேச்சே இருக்கக் கூடாது." எனக்குக் கண் கலங்கிவிட்டது. செல்வம் அண்ணன் ஓடிப்போய் அல்வா வாங்கி வந்தார். நான் மேஜையைத் துடைத்து, பழைய ஃபைல்களை எல்லாம் பென் டிரைவில் ஏற்றி வைத்தேன். மறுநாள் காலையில் கடலூரிலிருந்து ஆள் வந்தார். கையில் ஒரு ஏணியும் தோளில் ஒரு சின்னப் பையும்தான் இருந்தன. "கம்ப்யூட்டர் எங்க?" என்றேன். "அது சார் ரூம்ல மாட்டியாச்சே மேடம், நான் கேமரா மாட்ட வந்தேன்" என்று சொல்லி, என் நாற்காலிக்கு நேர் மேலே ஆணி அடிக்க ஆரம்பித்தார். சிதம்பரத்தில் வேலை ஏன் தாமதமாகிறது, யார் தூங்குகிறார்கள் என்று கடலூரில் உட்கார்ந்து பார்ப்பதற்கான பெரிய ஸ்கிரீன்.

பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அன்று முழுக்கப் பார்த்திருக்கிறார். நான் ஃபைலைத் திறந்ததை, கை கட்டிக் காத்திருந்ததை, அது படுத்ததை, மறுபடி எழுப்பியதை. சாயங்காலம் போன் வந்தது. குரல் இளகியிருந்தது. "உன் மேல தப்பில்லம்மா, நானே கண்ணால பாத்துட்டேன். பொங்கலுக்கப்புறமும் நீயே இரு, ஆள்லாம் மாத்தல." நெஞ்சு நிறைந்து, "அப்ப சிஸ்டம் சார்?" என்றேன். "அது தொறக்கற வரிக்கும் சும்மாதானம்மா உக்காந்துனு இருக்க, அந்த நேரத்துல விசிட்டிங் கார்டுங்கள கட் பண்ணலாமில்ல?"

வேலை நடக்கும் இடத்துக்குப் பழசும், வேலை நடக்கிறதா என்று பார்க்கும் இடத்துக்குப் புதுசும் போய்ச் சேர்வதைத்தான் எங்கள் கம்பெனியில் அப்கிரேடு என்கிறார்கள்.