கீழ்வீட்டு சூப்பர்வைசர்

பல் தேய்த்துக்கொண்டே கீழ்வீடு முழுக்க நடப்பாள். வாயில் நுரை, கையில் பிரஷ். சமையலறை, கூடம், பின்கதவு, மறுபடி சமையலறை. போகிற வழியில் காஸ் குமிழைத் தொட்டுப் பார்ப்பாள். மூடித்தான் இருக்கும். அடுத்த சுற்றில் திரும்பவும் தொடுவாள். மாடியில் படுத்திருக்கும் எனக்கு அவள் செருப்புச் சத்தம்தான் அலாரம்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பூட்டுக்கடையில் தரை பெருக்கி, பின்னால் அந்தக் கடையையே வாங்கி, இந்த மாடிவீட்டையும் எழுப்பினேன். ஒருத்தர் கையை எதிர்பார்த்ததில்லை. ஒரு தொண்டு அமைப்பிலிருந்து வந்து, வயது வந்தும் எதையும் கொஞ்சம் மெதுவாகப் புரிந்துகொள்கிற சிலர் சொந்தக் காலில் நிற்கப் பழக வேண்டும் என்று கீழ்வீட்டை வாடகைக்குக் கேட்டார்கள். சொந்தக் காலைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? அன்றைக்கே சாவியைக் கொடுத்தேன்.

குடிவந்த மூன்று பெண்களில் இவளுக்கு நான் வைத்த பெயர் சூப்பர்வைசர். நாற்பதை நெருங்குகிறாள். ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் தலையணை உறை மடிக்கிற வேலை. ஓரத்தோடு ஓரம் சேராவிட்டால் உதறிவிட்டு முதலிலிருந்து தொடங்குவாளாம். பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்கார மாட்டாள். "உக்காந்தா ஸ்டாப் போயிடும்" என்பாள். என் தண்ணீர்த் தொட்டி வழிந்தால் கீழிருந்து குரல் வரும்: "தாத்தா, தூங்குறீங்களா? மோட்டாரை நிறுத்துங்க." தாத்தா என்று கூப்பிட்டால் எனக்குப் பிடிக்காது. அது தெரிந்துதான் கூப்பிடுகிறாள்.

அவள் அண்ணன் நல்ல மனிதர். அம்மா போனபிறகு தன் வீட்டில் வைத்துக் குறையில்லாமல் பார்த்துக்கொண்டார். சாப்பாடு தட்டில் வரும், டிவி ஓடும், வாசலுக்குப் போக வேண்டியதில்லை. அங்கே நடக்க இடமில்லாமல் நகத்தையெல்லாம் கடித்தே தீர்த்தாளாம். இங்கே விடும்போதே சொல்லிவிட்டார்: தனியாகச் சமாளிக்கத் தெரியவில்லை என்று என் கண்ணில் பட்டால், அன்றைக்கே கூட்டிப்போய்விடுவேன்.

அமைப்பிலிருந்து உதவிக்கு வருகிற பெண் ஒரு விசித்திரம். எதையும் செய்து கொடுக்க மாட்டாள். வெங்காயம் கருகினாலும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். கதவு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. தனியாக இருக்கும்போது, போன் செய்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் திறக்க வேண்டும். கதவில் இருப்பது நான் போட்ட பூட்டு. யானை முட்டினாலும் அசையாது.

போன ஞாயிற்றுக்கிழமை மற்ற இருவரும் வெளியே போயிருந்தார்கள். முதல் தடவையாக மத்தியானம் முழுக்க இவள் தனி. உதவிப் பெண் என் கூடத்தில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். நான் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக அலைந்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து நின்றார், சொல்லாமல் கொள்ளாமல்.

மணி அடித்தார். தட்டினார். நாங்கள் இறங்கி ஓடினோம். உள்ளே செருப்புச் சத்தம் கதவுவரை வருவதும் திரும்புவதுமாக இருந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை.

"கதவைத் திறக்கக்கூடத் தெரியல, பாத்தீங்களா?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். "உள்ள தீப்பிடிச்சா என்ன பண்ணுவா? இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்."

மாற்றுச் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்தும்விட்டேன். உதவிப் பெண் என் முழங்கையைப் பிடித்து வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"நான்தாம்மா, அண்ணன்" என்றார் அவர், கதவில் வாயை வைத்து.

"தெரியுதுண்ணா. நீ போன் பண்ணலையே."

"எனக்குமா?"

"யாரா இருந்தாலும்."

அவர் என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். உள்ளே மணி அடித்தது. செருப்புச் சத்தம் நின்றது.

"சொல்லுண்ணா" என்றாள். ஒரே குரல் கதவு வழியாகவும் போன் வழியாகவும் கேட்டது. "வர்றியா? சரி, வா. அடுப்புல முட்டை வேகுது. எறக்கிட்டுத்தான் திறப்பேன். நில்லு."

போனை வைத்துவிட்டாள். அவர் அதைக் காதிலிருந்து எடுக்காமலே வாசல்படியில் உட்கார்ந்தார். கூட்டிப்போகிற பேச்சை அதற்குமேல் அவர் எடுக்கவில்லை.

பக்கத்து ஜன்னல் திறந்தது. கம்பிகளுக்கு நடுவே ஒரு டம்ளர் தண்ணீர் நீண்டது. அவர் வாங்கிக்கொண்டதும் அவள் கை உள்ளே போயிற்று. ஜன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டாள்.