ரோலிங் மில்லுக்கு வந்த அமெரிக்கர்

துபாய்க்குப் பக்கத்தில், அஜ்மானில் கட்டடக் கம்பி செய்யும் ரோலிங் மில்லில் நான் ஃபோர்மேன். போன வருடம் பெரிய மோட்டார் ஒன்று மக்கர் செய்தது. அதைச் சரிசெய்ய அமெரிக்காவிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். வெளிநாட்டு இன்ஜினியர்கள் ஹோட்டலிலிருந்து வந்து மெஷினோடு பேசிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இவர் மட்டும் டீ குடிக்கும்போது, "நீங்கல்லாம் எங்க தூங்குவீங்க?" என்று கேட்டார்.

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஞாயிற்றுக்கிழமை லீவில் தொழிலாளர்கள் நாங்கள் தங்கும் கேம்ப்புக்கே அழைத்துப் போனேன்.

என் ரூமில் சிவகங்கைக்காரர் ஒருவர் மீன்குழம்பு வைத்திருந்தார். ஃபர்னஸில் வேலை பார்ப்பவர். இன்ஜினியர் கீழ்க்கட்டிலில் சம்மணம் போட முயன்று, முடியாமல் காலை நீட்டிக்கொண்டார். குழம்பைச் சாப்பிட்டபடி சுற்றிலும் இருந்த அடுக்குக் கட்டில்களைப் பார்த்தார்.

"எங்க கொள்ளுத் தாத்தாவும் இப்படித்தான் இருந்தார்" என்றார்.

ஐரோப்பாவில் ஏதோ மலைக் கிராமத்திலிருந்து கப்பலேறி, அமெரிக்காவில் ஓர் இரும்பு ஆலைக்கு வேலைக்குப் போனவராம். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். பகல் ஷிப்ட் ஆள் எழுந்ததும் ராத்திரி ஷிப்ட் ஆள் படுப்பானாம். படுக்கை ஆறவே ஆறாதாம். வீடு கம்பெனியுடையது, கடையும் கம்பெனியுடையது. கொஞ்ச நாள் உழைத்து, ஊரில் நிலம் வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் அவர் திட்டம்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல, சிவகங்கைக்காரர் கரண்டியை வைத்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தார். அமெரிக்காக்காரன் என்றால் பிறக்கும்போதே முதலாளி என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"திரும்பிப் போனாராமாண்ணே? கேளுங்க."

"போகலையாம். கல்யாணம் பண்ணி அங்கேயே இருந்துட்டாராம்."

"அவரோட கஃபீல் விட்டானா?"

கஃபீல் என்ற சொல்லை எப்படி விளக்குவது? எங்கள் விசாவுக்குப் பொறுப்பான முதலாளி, அவர் கையெழுத்தில்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம் என்றேன். இன்ஜினியர் யோசித்தார். "அப்படி ஒருத்தர் இல்ல. வேற ஆலைக்குப் போகலாம். ஆனா ஸ்ட்ரைக் பண்ணினப்போ கம்பெனி வீட்டைவிட்டுத் துரத்தினாங்க. எங்க பாட்டி அப்போ கைக்குழந்தையாம், அவங்களைப் பனியில தூக்கிட்டு நடந்தாங்களாம்."

"ஸ்ட்ரைக் ஜெயிச்சுதா?"

"அந்தத் தடவை தோத்துப்போச்சு. ரொம்ப வருஷம் கழிச்சு அவர் பையன் காலத்துல யூனியன் வந்துச்சு. எட்டு மணி நேர வேலையும் வந்துச்சு."

இங்கே வாயில் எடுக்கவே கூடாத ஸ்ட்ரைக் என்ற சொல் வந்ததும் பக்கத்து ரூம் கதவு திறந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். சிவகங்கைக்காரர் அதைக் கவனித்துச் சிரித்தார். பிறகு அவரே கேட்டார்: "அந்த ஆலை இப்ப ஓடுதாமா?"

"மூடிட்டாங்க. இரும்பு வேற நாடுகள்ல மலிவாக் கிடைக்குது" என்று சொல்லிவிட்டு, இன்ஜினியர் எங்கள் மில் இருந்த பக்கம் கையைக் காட்டினார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரமே மோட்டார் ஓடத் தொடங்கியது. அவரும் ஊர் திரும்பினார். அந்த ஆலை இருந்ததாக அவர் சொன்ன ஊரை நானும் சிவகங்கைக்காரரும் போன் மேப்பில் தேடினோம். மேப்பின் தெருப் படத்தில், ஆலை இருந்த இடத்தில் புல்வெளி. ஒரே மாதிரி மரவீடுகள் வரிசையாக நின்றன. ஒரு வாசலில் துணி காய்ந்தது.

"இன்னும் யாரோ இருக்காங்கண்ணே" என்றார் சிவகங்கைக்காரர். "என்ன வேலை பாப்பாங்க?"

எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அடுத்த தெருவுக்கு விரலை நகர்த்தினேன்.