பேர் கூப்பிடுகிறவனின் கேசட்

தலைச்சோலைக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் மரியஜோசப் ரைட்டராக இருந்தான். காலை ஏழு மணிக்கு அறுபது பேரின் பெயரை மூச்சுவிடாமல் கூப்பிட்டு ஆஜர் எடுப்பான். முந்தின நாள் வராதவர்கள் சொல்லும் காரணத்தை அங்கேயே எதுகை போட்டுக் கேலி செய்வான். நாக்கு வேகமானது, அதை மறுப்பதற்கில்லை. வேகமாகச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று நம்பியதுதான் பிழை.

1996இல் அந்தக் கேலிகளையே ராப் பாட்டுகளாக்கினான். கேசட் கம்பெனிகளை நம்பாமல், 'முள்வேலி' என்று தானே ஒரு கம்பெனிப் பெயர் வைத்துக்கொண்டான். சேலத்தில் பக்திப் பாடல் பதிகிற ஸ்டுடியோவில் இரண்டு நாளில் பாடி முடித்தான். ஐந்நூறு கேசட். கடைக்காரர்கள் தொடவில்லை. மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஓட்டும் அங்கப்பன்தான் வழியெல்லாம் அதைப் போட்டு, இறங்குகிறவர்களிடம் விற்றான்.

விற்கத் தொடங்கிய மூன்றாம் நாள் பின்சீட்டில் அங்கப்பனின் மனைவி பாவாயி இருந்தாள். அவளும் அதே எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிப்பவள். கேசட்டில் அவள் பாட்டு வந்தது:

"பல்வலிப் பாவாயி, கன்னம் ரெண்டும் பணியாரம், மூணு நாளு லீவு, முக்காடுதான் அலங்காரம்!"

அந்த வீக்கம் எப்படி வந்ததென்று ஜீப்பில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சிரித்தார்கள். அங்கப்பன் சத்தத்தைக் கூட்டினான்.

மறுநாள் காலை ஆஜர் எடுக்கையில், தன் பெயர் வந்ததும் அவள் வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"என்ன பாவாயி, பல்லு இன்னும் வலிக்குதா?"

"பல்லு நல்லாத்தான் இருக்குதுங்க ரைட்டரே. அந்தப் பாட்டுல இருந்து எம்பேரை எடுத்துருங்க."

"ஐந்நூறு கேசட் அடிச்சாச்சு. அதுவுமில்லாம, ராப்புன்னா உள்ளதைச் சொல்லோணும்."

"அது பல்வலி இல்லீன்னு தெரியுமுங்களா?"

"ஊருக்கே தெரியும்."

"அப்ப, அடிச்சவன் பேரு எங்கீங்க?"

வரிசையில் பின்னால் நின்ற, கூடப் பழம் பறிக்கும் குப்பாயி சொன்னாள்: "அவன் பேரைப் போட்டா அப்புறம் ஜீப்புல ஆருடீ பாட்டுப் போடுவா?"

"அந்தப் பேரு தாளத்துல உக்காராது," என்றான் மரியஜோசப்.

பாவாயி பழக்கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். "அங்கப்பன் கைவரிசை, கன்னம் ரெண்டும் பணியாரம். ஏனுங்க, உக்காருதுங்களா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று முழுக்கச் செடிகளுக்கு நடுவே பெண்கள் அந்த வரியைத்தான் சொன்னார்கள். மாலையில் ஜீப்பில் ஏறியும் நிறுத்தவில்லை. பாவாயி மட்டும் ஏறவில்லை. குப்பனூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நடந்தே மலை இறங்கிவிட்டாள்.

அங்கப்பன் ஜீப்பை எஸ்டேட்டுக்கே திருப்பிக்கொண்டு வந்தான். "உம் பாட்டால எம்பேரு நாறுது. அந்தப் பாட்டைத் தூக்கு!" என்று ரைட்டரின் சட்டையைப் பிடித்தான்.

ஐந்நூறு கேசட் அடித்தாயிற்று என்ற பேச்சே அப்போது எழவில்லை. விற்றது போக மிஞ்சியதை மூட்டை கட்டி, அந்தப் பாட்டை அழித்துவர மரியஜோசப் மறுநாளே முதல் பஸ்ஸில் சேலத்துக்குப் போனான்.