நான் கூட்டிப் போட்ட வயது

பிள்ளைகளா, சிதம்பரம் அத்தை வீட்டுக்கு நாம் ஏன் போவதில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். காரணம் நான்தான். மற்றவர் வாயால் கேட்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

உங்கள் அத்தை மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தவன் நான். அப்போது அவளுக்கு மூன்றரை வயது. அக்காவும் மாமாவும் வேலைக்குப் போய்விட்டால் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. தலைக்கு மேலே கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். அவள் விரல் காதுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. "பொண்ணு கொஞ்சம் குள்ளம் சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, ஐந்து வயது நிரம்புகிற மாதிரி ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டார். கீழே கையெழுத்து என்னுடையது. ஊரில் எல்லாரும் செய்வதுதானே என்று இருந்துவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்து, 2010இல் அவள் பிளஸ் டூ முடித்தாள். அண்ணாமலை நகரில் படிக்க விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். மாமா அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மாப்பிள்ளை பார்த்தார். ஆவணியில் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். பள்ளிச் சான்றிதழ்படி பதினெட்டு முடிந்திருந்தது. உண்மையில் பதினாறரை.

அவள் எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. "நீங்க எழுதுன வயசுதான மாமா? நீங்களே போயி மாத்துங்க." வைத்துவிட்டாள்.

கடலூரில் குழந்தைகள் நலம் பார்க்கிற அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை.

"பதினெட்டு ஆகாத யாரும் குழந்தைதான், அதுங்கள நாங்க காப்பாத்துவோம்னு உலக நாடுங்களோட சேந்து நம்ம நாடும் கையெழுத்துப் போட்டிருக்கு. பொறந்த ஒடனே பதியணும்னு அதுலயே இருக்கு. நீங்க ஒரு கையெழுத்துல அத்தனையும் காலி பண்ணிட்டு வந்து நிக்கிறீங்க."

"தப்புதாங்க மேடம்."

"வாயால சொன்னா ஆச்சா? பொய் சொன்னேன்னு எழுதிக் குடுங்க. பொறப்புப் பதிவையும் கொண்டாங்க."

எழுதிக் கொடுத்தேன். சிதம்பரம் நகராட்சியில் இரண்டு நாள் நின்று பதிவை வாங்கினேன். பிள்ளையின் பெயர்கூட இல்லாத பதிவு. தேதி மட்டும் சரியாக இருந்தது.

பந்தக்கால் நட்ட வாசலில் அதிகாரிகளின் ஜீப்பிலிருந்து நானும் இறங்கினேன். மாமா என் சட்டையைப் பிடித்தார்.

"அன்னைக்குக் கூட்டுனீங்க, இன்னைக்குக் கொறைக்கிறீங்க. என்ன மச்சான், காய்கறிக் கடையா வச்சிருக்கீங்க?"

"சீரோட வரவேண்டிய தாய்மாமன் ஜீப்போட வந்துருக்கான், வந்து பாருங்கடி!" என்று அக்கா தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

நானும் சும்மா இல்லை. "பெத்தவளுக்குப் பொண்ணு வயசு தெரியாதா?" என்றேன். மண்ணை வாரித் தூற்றினாள்.

பதினெட்டு ஆகும்வரை கல்யாணம் செய்வதில்லை என்று மாமா எழுதிக் கொடுத்தார். அந்த வருஷம் அவளைக் கல்லூரிக்கும் அனுப்பவில்லை, என் மேலிருந்த கோபத்தைக் காட்டுவதற்காகவே. மறு வருஷம் அவளே பட்டினி கிடந்து அடம்பிடித்துச் சேர்ந்தாள். மாமா மீது எனக்கு ஆத்திரம் தீரவில்லை. அன்று சிரித்த அந்தத் தலைமையாசிரியர் மீதும்தான். முதல் பொய் என்னுடையது என்பதால் இரண்டு பேரையும் வாய்விட்டுத் திட்ட முடியவில்லை.

பெரியவளே, உனக்கும் ஏழு மாதம் கூட்டித்தான் சேர்த்திருந்தேன். ஜீப் வந்துபோன மறுநாளே பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, உங்கள் அம்மாவிடமும் சொல்லாமல், உன் பள்ளிக்குப் போனேன். பொய் சொல்லிச் சேர்த்தேன், தேதியைத் திருத்துங்கள் என்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மனு எழுதி, உன் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து உள்ளே கொடுத்தேன்.